படத்தில் மட்டும் நேராக நின்ற பாய்மரம்

கோபத்தை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, குறையாத அன்போடு, ராஜன் அத்தானுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போலக் கமெராப் பையைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தையில் பஸ் ஏறி, புறக்கோட்டையில் மாறி, கொட்டாஞ்சேனையில் இறங்கினேன். உங்கள் குறுகிய ஒழுங்கைக்குள் தேவையில்லாத வேகத்தோடு நடக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. "மச்சாள், வெளிச்சம் போகப்போகுது, கெதியா வாரும்" என்று மாடி ஜன்னலில் நின்று சத்தம் போட ஆள் இல்லை என்பது தலைக்குத் தெரியும். காலுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போல.

அக்கா சுகம். மருந்தை நேரத்துக்குக் குடிக்கிறாள், சாப்பாட்டைத்தான் ஏமாற்றுகிறாள். எதிரே கட்டுகிற மாடிவீடு நீங்கள் பார்த்ததைவிட இன்னும் உயர்ந்துவிட்டது. பின்னேர வெயிலில் பாதியை அது எடுத்துக்கொள்கிறது. நீங்கள் இருந்திருந்தால் அந்தக் கொந்தராத்துக்காரனோடு சண்டைக்குப் போயிருப்பீர்கள்.

நான் இன்று எழுதுவது கப்பலைப் பற்றி. வேறு எதைப் பற்றி நாங்கள் கதைத்திருக்கிறோம்? ஆனால் இதை மற்றவர்களும் வாசிப்பார்கள். உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பல் செய்கிறவர். பல் வைத்தியர்கள் அளவெடுத்து அனுப்ப, வீட்டு முன்னறையில் இருந்து பொய்ப்பல் செய்து கொடுப்பீர்கள். பகல் முழுக்கப் பல். வேலை முடிந்தால் அதே மேசையில், நுணுக்கமானதைப் பிடிக்கிற அதே சாமணத்தால், அதே அரத்தால் கப்பல். உண்மையான கப்பலின் ஓரடி உங்கள் மேசையில் கால் அங்குலம். அந்தக் கணக்கில் நின்று, பலகையைச் சீவி, வளைத்து, ஒட்டி, பல்லுக்குப் பாவிக்கிற மெழுகை நூலில் பூசிக் கயிறாக்கி, ஒரு கப்பலுக்கு வருசக்கணக்கில் இருப்பீர்கள். அக்காவிடம் கேட்டால், "எனக்கு ரெண்டு சக்களத்தி. ஒண்டு பல்லு, மற்றது கப்பல்" என்பாள்.

நான் சரோ அக்காவின் தங்கை வசந்தி. காலி வீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. படம் எடுப்பது எனக்குப் பைத்தியம். உங்கள் கப்பலைப் படமெடுக்க ஆரம்பித்தது சும்மா ஒரு ஆசைக்கு. அக்காவின் நீலச் சேலையைக் கேட்காமல் எடுத்துக் கடலாக விரித்து, மேசை விளக்குக்கு எண்ணெய்க் கடதாசி சுற்றி எடுத்த அந்த முதல் படத்தைக் கொம்பியூட்டரில் பெரிதாக்கிக் காட்டினேன். நீங்கள் பாராட்டுவீர்கள் என்று பார்த்தால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "உதிலை பசை வழிஞ்சிருக்கு" என்றீர்கள்.

அன்றிலிருந்து என் படம் உங்களுக்குப் பரிசோதனைச் சாலை ஆகிவிட்டது. கிழமை முழுக்க நீங்கள் வேலை செய்வீர்கள், ஞாயிறு நான் வந்து எடுப்பேன், இரண்டு பேரும் திரையில் தலையை நீட்டிக்கொண்டு குற்றம் பிடிப்போம். வெறும் கண்ணுக்கு அழகாக இருக்கிற கப்பல் கிட்ட எடுத்த படத்தில் படுகிற அவமானம் கொஞ்சநஞ்சமா? ஒரு தூசி, மேல்தட்டில் யாரோ மறந்துவிட்டுப் போன அரிசி மூட்டை மாதிரிக் கிடக்கும். நூலில் இருந்து எழும்பிய ஒரு இழை, மாலுமியின் கையை விடத் தடிப்பாக இருக்கும். நீங்கள் உடனே சாமணத்தை எடுப்பீர்கள். "கண் பொய் சொல்லும், கையும் பொய் சொல்லும். படம் சொல்லாது மச்சாள்" என்பீர்கள். அந்தப் பேச்சில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உங்களுக்குத் தெரியாது.

அந்தப் பெருமைதான் எங்களைக் கவிழ்த்தது.

கடைசிக் கப்பல், இரண்டு பாய்மரச் சரக்குத் தோணி. அதைத் துறைமுக ஜெற்றியில் நின்று அண்ணாந்து பார்க்கிற மாதிரி எடுக்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டீர்கள். நானும் அதற்கென்றே, யாரோ பாவித்து விற்ற லென்ஸ் ஒன்று தேடி வாங்கினேன். அகலமாகப் பார்க்கிற லென்ஸ். உங்கள் அறையில் அதோடு நிற்க ஒரே ஒரு இடம், மேசைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவே உள்ள மூலை. அங்கே குந்தியிருந்து, கமெராவை அண்ணாந்து பிடித்து எடுத்தேன். கப்பல் மலை மாதிரி வந்தது. நீங்கள் கையைத் தட்டினீர்கள். பிறகு முகம் சுருங்கியது. "பின் பாய்மரம் சரிஞ்சு கிடக்கு" என்றீர்கள்.

சரிதான், படத்தில் சரிந்திருந்தது. அடுத்த ஞாயிறு திருத்தியிருந்தீர்கள். எடுத்தேன். இன்னும் சரிவு. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. நான் மூலையில் குந்தி எடுக்க, நீங்கள் கிழமை நாளில் கயிற்றைத் தளர்த்தி இறுக்க, கடைசியில் ஒரு ஞாயிறு பாய்மரம் படத்தில் ஊசி மாதிரி நேராக நின்றது. அன்றைக்கு நீங்கள் அக்காவிடம் கேட்டு வாங்கி இரண்டாவது தேத்தண்ணியும் குடித்தீர்கள். நான் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனியே சிரித்துக்கொண்டு போனேன்.

மார்கழியில் நீங்கள் போனீர்கள். முப்பத்தோராம் நாள் உங்கள் நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் அடித்தோம் அல்லவா, அதன் பின்னட்டையில் அந்தப் படத்தைத்தான் போட்டேன். முன்னட்டையில் நீங்கள், பின்னட்டையில் உங்கள் தோணி. துக்கத்துக்கு வந்தவர்கள் தேவாரப் பக்கத்தைப் புரட்டாமல் பின்னட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். உங்கள் சிங்களக் கூட்டாளி, என்னை 'நங்கி' என்று தங்கையாகக் கூப்பிடுகிற சிறில் அய்யே, ஒரு பிரதியைக் கல்கிசைக்குக் கொண்டுபோய்த் தன் கப்பல் சிநேகிதர்கள் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார்.

அதனால் வந்த வினை இது. நுகேகொடையில் அவர்கள் வைக்கிற மாதிரிக் கப்பல் கண்காட்சியில் உங்கள் தோணியை மண்டபத்தின் நடுவில், நாலு பக்கமும் ஆட்கள் சுற்றிப் பார்க்கிற மாதிரி வைக்கப் போகிறார்களாம். சிறில் அய்யே போன மாதம் அதைப் பார்க்க வந்தார். நான் மூடியிருந்த துணியை எடுத்தேன். அவர் ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு குனிந்து மறுபடி சுற்றி வந்தார்.

"நங்கி, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க. படத்தில நல்ல நேர் தானே? இங்க ஏன் இப்படி?"

போய்ப் பார்த்தேன். அத்தான், பின் பாய்மரம் ஒரு பக்கமாகச் சரிந்து நிற்கிறது. கொஞ்சநஞ்சச் சரிவில்லை. கள்ளுக் குடித்தவன் விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நிற்கிற சரிவு.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கிட்ட நின்று அகல லென்ஸை அண்ணாந்து பிடித்தால் நேரான கம்பமும் சரிந்துதான் விழும். கட்டடங்களை எடுக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முழங்கை அளவுக் கப்பலுக்கும் அதே சட்டம்தான் என்று என் மூளைக்கு ஓடவில்லை. நான் லென்ஸை நேராக்காமல் இருக்க, நீங்கள் நேராக நின்ற மரத்தைக் கோணலாக்கிப் படத்தில் நேராக்கியிருக்கிறீர்கள். நாள் முழுக்கக் கண்ணாடி விற்கிற நானும், மயிரிழை பிசகினால் பல்லை உடைத்து மறுபடி செய்கிற நீங்களும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், இங்கே இரண்டு ஆனையும் ஒன்றாகச் சறுக்கியிருக்கிறது.

சிறில் அய்யே நல்ல மனிதர். போன கண்காட்சியில் அவருடைய கப்பலைப் பார்த்து, "என்ன சிறில், உம்மடை பாய்மரம் குடிச்சிருக்கோ?" என்று எல்லோருக்கும் முன்னால் நீங்கள் கேட்டதை அவர் மறந்திருக்க மாட்டார். ஆனாலும் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கயிறுகளை வெட்டி, மரத்தை நிமிர்த்தி, திரும்பக் கட்டலாம், தானே செய்து தருகிறேன் என்றார். நான் மாட்டேன் என்றேன்.

"அது அத்தான்ரை விரல் பட்ட முடிச்சு, அய்யே. ஒண்டையும் வெட்ட விடமாட்டன்."

"அப்ப இப்படியே வைக்கவா? பார்க்கிற மினிசு எல்லாரும் சிரிப்பாங்க, நங்கி" என்றார். சொல்லும்போதே அவருக்கு வருத்தமாக இருந்தது. யோசித்துச் சொல்லுங்கள் என்று தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அக்காவும் நானும் பிடித்த சண்டையை ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். அக்கா என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன். அவளோ கப்பலைத் திருத்து என்கிறாள்.

"அவர் ஒருநாளாவது கோணல் பல்லை வெளியிலை குடுத்தவரோ? சொல்லு பாப்பம்."

"பல்லு வேறை, இது வேறை அக்கா."

"என்ன வேறை? சரிவெண்டு நான் அப்பவே சொன்னனான். 'படத்தைப் பார், நேராத்தானே இருக்கு' எண்டார். ரெண்டு பேரும் கொம்பியூட்டருக்குள்ளை தலையை விட்டுக்கொண்டு இருந்தியள். ஆர் என்ரை கதையைக் கேட்டது?"

எனக்குத் தாங்க முடியவில்லை. அவருடைய உடுப்பை ஏற்கனவே முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டாய், அவருடைய மேசையை ஒதுக்கிவிட்டாய், அவர் விரலால் கட்டியது என்று மிச்சம் இருப்பது இந்த முடிச்சுகள்தான், அதையும் வெட்டிப் போடப் போகிறாயா என்று கத்தினேன். உனக்கு அவரில் பாசமே இல்லையா என்றும் கேட்டேன். வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

அக்கா கப்பலுக்கு மேலே துணியைப் போட்டாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அது அவர் கட்டினதில்லையடி. நான் கட்டினது."

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு அக்கா கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, சமையல் குறிப்புச் சொல்கிற குரலில் சொன்னாள். நீரிழிவால், அந்தச் சீனி வருத்தத்தால், உங்கள் விரல் நுனி விறைக்கத் தொடங்கியதாம். பல்லை எப்படியோ சமாளித்தீர்களாம். நூல் மட்டும் விரலுக்கு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் நழுவியதாம். தோணியின் உடல் உங்களுடையது. அதில் ஒரு கயிறும் உங்களுடையதில்லை. கிழமை நாட்களில் விளக்கின் கீழே அக்கா இருந்து கட்ட, நீங்கள் உங்கள் கதிரையில் இருந்து, "இன்னும் ஒரு இழுவை, காணும், விடு" என்று இறுக்கம் போதுமா இல்லையா என்பதை மட்டும் சொல்லுவீர்களாம்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அவர்தான் சொல்லவேண்டாமெண்டவர். வசந்தி அறிஞ்சா அழுவாள், பிறகு கப்பலைப் பாக்கமாட்டாள், என்ரை கையைத்தான் பாத்துக்கொண்டிருப்பாள் எண்டார்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். உங்கள் புளுகு உங்களையும் தாண்டி நின்றுவிட்டது, அத்தான்.

நம்பாமல் கொம்பியூட்டரைத் திறந்து பழைய கப்பல்களின் படங்களைப் போட்டேன், பக்கத்தில் தோணியின் படம். பெரிதாக்கினேன். பழைய முடிச்செல்லாம் வலப்பக்கம் சுற்றி இருக்கிறது. தோணியில் ஒவ்வொரு முடிச்சும் இடப்பக்கம் சுற்றி இருக்கிறது. அக்கா இடக்கைக்காரி. சின்ன வயதில் அம்மா எத்தனை தரம் அடித்தும் அவள் கையை மாற்றவில்லை. அந்த முடிச்சுகள் ஒவ்வொன்றிலும் தூசி தேடி இருக்கிறேன், இழை தேடி இருக்கிறேன். யார் கை என்று தேட வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்கு உங்கள் இரண்டு பேரிலும் எனக்கு வந்த கோபம் கொஞ்சம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வரும்போது சாமணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்த களையோடு இருந்தீர்களே, அந்த நடிப்பை எங்கே படித்தீர்கள்? அக்கா குசினியில் நின்று ஒன்றுமே தெரியாதவள் மாதிரி வெங்காயம் உரித்தாளே? என்னை வெளியே விட்டுவிட்டு நீங்கள் இருவரும் ஒரு வீடு கட்டி இருந்த மாதிரி இருந்தது எனக்கு. அதைச் சொல்லி அழுதேன். அக்கா அழவில்லை. என் தலையைத் தடவினாள்.

"கலியாணம் கட்டின நாளிலையிருந்து அவர் அந்த மேசையிலை, நான் குசினியிலை. அந்தத் தோணி வந்தாப்பிறகுதான் ரெண்டு பேரும் ஒரு மேசையிலை இருந்தம். விறைச்ச விரலாலை எனக்குக் கிடைச்சது அதுதான்" என்றாள். "வெட்டுறதெண்டா நானே வெட்டுறன். நானே கட்டுறன். கோணலாக் கட்டினதும் நான்தானே."

சிறில் அய்யேக்குப் போன் பண்ணினேன்.

அந்த வேலைதான் நேற்று நடந்தது. உங்களுக்குச் சொல்லத்தான் இவ்வளவும். சிறில் அய்யே மரத்தின் அடியைப் பிடித்துக்கொண்டார். அக்கா நகவெட்டும் சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, விளக்கை இழுத்து, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்தாள். அந்தக் கண்ணாடி என் கடையில் நான் செய்து கொடுத்தது. கிட்ட வைத்துப் பார்க்க ஏன் இவ்வளவு துல்லியமாகக் கேட்கிறாள் என்று அப்போது யோசித்தேன், பூத்தையலுக்கு என்று சொன்னாள். முதல் கயிற்றை வெட்டும்போது நான் கண்ணை மூடினேன். திறந்தபோது அவள் மூன்றாவது கயிற்றில் நின்றாள்.

கயிறு எல்லாம் போனதும் மரம் தனியே, வெறுமையாக நின்றது. சிறில் அய்யே நிமிர்த்தினார். நான் நாலு பக்கமும் நடந்து பார்த்து, "சரி" என்றேன். அக்கா நூலில் மெழுகைப் பூசிக் கட்டத் தொடங்கினாள். எந்தக் கயிறு எங்கே போகிறது என்று என் பழைய படங்களைத் திரையில் போட்டு வைத்தேன். அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கமெராவை எடுத்தேன். "மூஞ்சையை எடுக்காதை, தலை வாரி இழுக்கேல்லை" என்றாள். கைகளை எடுத்தேன். இத்தனை வருசமாக அந்த அறையில் படம் எடுத்திருக்கிறேன். ஒரு மனிதக் கை என் படச் சட்டத்துக்குள் வந்ததில்லை. வந்தால், "கையை எடுங்கோ அத்தான்" என்று சொல்லித்தான் எடுத்திருக்கிறேன். உங்கள் விரல்களின் படம் ஒன்றும் என்னிடம் இல்லை. அது நேற்றுத்தான் எனக்கு உறைத்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் இந்தக் கடிதம் முடியாது.

பின்னேரம் பழைய மூலையில் குந்தி, அந்த அகல லென்ஸைப் போட்டு ஒரு படம் எடுத்தேன். நேரான மரம் படத்தில் சரிந்து விழுந்திருக்கிறது. கொம்பியூட்டரில் திருத்தலாம். திருத்தவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நெஞ்சு ஆறாது.

கடைசிக் கயிறு கட்டும்போது வெளிச்சம் குறைந்துவிட்டது. அக்கா நூலை ஆணியில் சுற்றி, இடக்கையால் இழுத்துப் பிடித்தாள். பிடித்தபடியே, தலையைத் தூக்காமல், பக்கத்துக் கதிரையைப் பார்த்து, "காணுமோ?" என்று கேட்டாள். உங்கள் கதிரை. கேட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. கை அப்படியே நின்றது. சிறில் அய்யே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்குக் கயிற்றைப் பற்றி என்ன தெரியும்? கமெராவைக் கீழே வைத்துவிட்டுப் போய் அந்தக் கதிரையில் இருந்தேன். குனிந்து பார்த்தேன். "இன்னும் ஒரு இழுவை, அக்கா" என்றேன். இழுத்தாள். "காணும். விடு" என்றேன். அவள் முடிச்சுப் போட்டாள்.

கண்காட்சியில் கப்பலுக்கு முன்னால் வைக்கிற அட்டையில் செய்தவர் பெயர் ஒன்று போதும் என்று அக்கா அடம்பிடிக்கிறாள். நான் விடப்போவதில்லை. ராஜன், சரோ என்று இரண்டு பெயரும் ஒரே வரியில் இருக்கும். நீங்கள் கரைவலை வள்ளம் ஒன்றுக்குச் சீவி வைத்த பலகைகள் மேசைக்குக் கீழே இருந்தனவாம், அக்கா எடுத்துத் தூசி தட்டி வைத்திருக்கிறாள். உடலை ஒட்ட சிறில் அய்யே வருவார். கயிறு அக்காவின் பொறுப்பு. அவள் கேட்கும்போது பதில் சொல்ல ஒவ்வொரு ஞாயிறும் நான் அந்தக் கதிரையில் இருப்பேன், அத்தான். இது சத்தியம்.

அக்காவை உங்களிடம் இருந்து திரும்ப வாங்கிக்கொண்ட,
உங்கள் ஒரே மச்சாள்
வசந்தி